ஜகாத்தில் தையல் மெஷின் வாங்கித் தரலாமா?

கேள்வி: எங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதியில்) ரமலானில் சேரும் ஜகாத்தை, அதாவது வசதியுள்ள முஸ்லிம்கள் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கட்டாயக் கொடையை, ஆளுக்கு 500, 1000 என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். இந்த முறை நாலைந்து குடும்பங்களுக்காவது தொழில் வைத்துக் கொடுக்கலாம் என்கிறார்கள் இளைஞர்கள். பெரியவர்கள் தயங்குகிறார்கள். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?

பதில்: தாராளமாக உண்டு. ஷாஃபி மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) அறிஞர் இமாம் நவவி 13ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவைத்துவிட்டார்: தொழில் தெரிந்த ஏழைக்கு அந்தத் தொழிலுக்கான கருவியையோ முதலையோ கொடுக்கலாம், கீரை விற்பவருக்கு 5, 10 திர்ஹம் போதும், ரத்தின வியாபாரிக்கு 10,000 திர்ஹம்கூட ஆகலாம். ஹனஃபி மத்ஹபில் ஒருவருக்கே நிஸாப் அளவுக்கு (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்சச் சொத்தின் அளவுக்கு) கொடுப்பது மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது என்பார்கள். கடன்காரருக்கும் பெரிய குடும்பக்காரருக்கும் அதில் விலக்கு உண்டு. உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் (இமாமிடம்) ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே நிபந்தனை, பொருள் அவருக்கே சொந்தமாக வேண்டும். பில் அவர் பெயரில் இருக்கட்டும். தள்ளுவண்டியில் ஜமாஅத் பெயரைப் பெரிதாக எழுதி, மேடையில் நிற்கவைத்து போட்டோ எடுப்பதெல்லாம் வேண்டாமே. ஜகாத் பணத்தைக் கடனாகச் சுழற்றுவதைப் பெரும்பாலான உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) ஏற்பதில்லை, வட்டியில்லாக் கடன் கொடுக்க ஆசையிருந்தால் சதகாவில் (விரும்பிக் கொடுக்கும் தர்மத்தில்) தனி நிதி, தனி நோட்டு போடுங்கள். மாற்றுமத அண்டை வீட்டாருக்கு உதவவும் அந்த சதகா நிதிதான் வசதி.

சரி, யாருக்கு எதை வாங்குவது? விதவை என்றாலே தையல் மெஷின் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது, தைக்கத் தெரியாதவர் வீட்டில் அது துணி மூடிக் கட்டிலடியில் கிடக்கும், இல்லையென்றால் ஆறு மாதத்தில் பாதி விலைக்குப் போய்விடும். என்ன வேலை தெரியும், யார் வாங்குவார்கள் என்று அவரிடமே கேளுங்கள். இட்லிக் கடை போடத் தெரிந்தவருக்கு கிரைண்டர்தான் தேவை.

அதற்கும் முன்னால் கடன். வாரா வாரம் குழுக் கடனுக்குத் தவணை கட்டுகிறவர் கையில் எந்த முதலும் நிற்காது. குர்ஆன் 9:60 சொல்லும் எட்டு வகையினரில் கடன்பட்டவரும் ஒருவர், எனவே அந்தக் கடனை அடைக்க ஜகாத்திலிருந்தே கொடுக்கலாம். அப்புறம், வருமானம் வரத் தொடங்கும்வரை மூன்று மாத மளிகையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வழக்கமான உதவி நிற்கக் கூடாது. ஃபித்ராவையும் (நோன்புப் பெருநாளுக்கான தர்மத்தையும்) இதில் கலக்காதீர்கள், அது பெருநாள் தொழுகைக்கு முன்பே போய்ச் சேர வேண்டிய சாப்பாடு.