என்கோடர்ல லைட் பச்சை, ஆனா படம் வரல: உங்க கேள்விகளுக்கு பதில்

என்கோடர், அதாவது வீடியோவ கம்ப்ரஸ் பண்ணி அனுப்புற பாக்ஸ், அதோட லைட்டு, பின்னாடி இருக்கற கனெக்‌ஷன் பத்தி வந்த கேள்விகள ஒண்ணா சேத்து பதில் எழுதுறேன். பாதிக்கு மேல ஒரே கவலைதான், லைட் எரியுது ஆனா வேலை நடக்கல. ஒவ்வொரு லைட்டும் தன்னோட அந்த ஒரு கனெக்‌ஷன பத்தி மட்டும்தான் சொல்லும், அதுக்கு முன்னாடி என்ன வந்துச்சு, பின்னாடி எங்க போச்சுன்னு அதுக்கு தெரியாது, இத மனசுல வெச்சிட்டு படிங்க. கலரும் எல்லா கம்பெனிக்கும் ஒண்ணு கிடையாது, ஒரு பாக்ஸ்ல ஆம்பர்னா 100 எம்பிபிஎஸ் லிங்க், இன்னொண்ணுல ஆம்பர்னா அலாரம், அதனால உங்க மாடல் மேனுவல்ல இருக்கற எல்இடி டேபிள ப்ரின்ட் எடுத்து ரேக் கதவு உள்பக்கம் ஒட்டிடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு அதுதான் உதவும்.

கேள்வி: எஸ்டிஐ (கம்ப்ரஸ் ஆகாத டிஜிட்டல் வீடியோ சிக்னல்) இன்புட் லாக் பச்சையா நிக்குது சார், ரிசீவர்ல கருப்பு மட்டும்தான். கேபிள் ரெண்டு தடவ மாத்தியாச்சு.

பதில்: கேபிள விடுங்க, லாக் பச்சையா ஆடாம நிக்குதுன்னா கேபிள் அநேகமா நல்லாத்தான் இருக்கு. லாக்னா என்கோடருக்கு க்ளாக் கிடைச்சிருச்சு, ஃபார்மட் புரிஞ்சிருச்சு, அவ்ளோதான். கருப்பும் ஒரு முழுசான சிக்னல்தான், ரவுட்டரோ ஸ்விட்சரோ ப்ளாக் அனுப்பிட்டு இருந்தா லைட் பச்சையாத்தான் எரியும். நான் எப்பவும் முதல்ல பண்றது என்கோடர் உள்ளயே இருக்கற டெஸ்ட் பேட்டர்ன், கலர் பார் ஆன் பண்றது. ரிசீவர்ல பார் வந்துச்சுன்னா என்கோடர்ல இருந்து அந்தக் கடைசி வரைக்கும் எல்லாம் சரி, கோளாறு இன்புட் பக்கம். பார் வரலையா, இன்புட் கேபிள எத்தன தடவ பிடுங்கி சொருகினாலும் பிரயோஜனம் இல்ல, நீங்க பாக்க வேண்டியது அவுட்புட் பக்கம். இந்த ஒரு சோதனை பாதி ரேக்க உங்க தலையில இருந்து இறக்கி வெச்சிடும்.

பார் வருதுன்னு வெச்சிப்போம். அடுத்து, லைட் எரியறது எஸ்டிஐ ஒண்ணுல, சர்வீஸ் கான்ஃபிகரேஷன்ல எஸ்டிஐ ரெண்டு செலக்ட் ஆகி இருக்கான்னு பாருங்க, இது நினைக்கறத விட அடிக்கடி நடக்குது. நடுவுல எச்டிஎம்ஐல இருந்து எஸ்டிஐக்கு மாத்தற கன்வர்ட்டர் இருந்தா எச்டிசிபி (காப்பி எடுக்க விடாத பூட்டு) மேல சந்தேகப்படுங்க, சோர்ஸ் காப்பி ப்ரொடெக்‌ஷனோட வந்தா நிறைய கன்வர்ட்டர்கள் டைமிங் சரியா வெச்சிட்டு வெறும் கருப்ப அனுப்பும், என்கோடர் அத சந்தோஷமா லாக் பண்ணிக்கும். கேமரால பொதுவா இந்தப் பிரச்சனை வராது, லேப்டாப், ப்ளேயர், செட்டாப் பாக்ஸ்னா வரும். சிலதுல மெனுவுல ஆஃப் பண்ணலாம், இல்லன்னா எஸ்டிஐ அவுட் இருக்கற சோர்ஸுக்கு மாறிடுங்க.

கூடவே ஒண்ணு, இன்புட் போனா என்ன காட்டணும்னு ஒரு செட்டிங் இருக்கும், ஃப்ரீஸ், ப்ளாக், பார்னு. இன்ஸ்டால் பண்ற சமயத்துல அத பார்ல வெச்சிடுங்க, ப்ளாக்ல இருந்தா சோர்ஸே கருப்பா, இன்புட் போச்சான்னு எதிர்முனையில இருக்கறவங்களுக்கு தெரியவே தெரியாது.

கேள்வி: 1080ஐ (இன்டர்லேஸ்டு) 50ல நல்லா போகுது. கேமராவ 1080பி (ப்ரோக்ரஸிவ்) 50க்கு மாத்தினா லாக் லைட் விட்டு விட்டு எரியுது, சில நேரம் சுத்தமா அணைஞ்சிடுது. அதே கேபிள்தான் சார்.

பதில்: அதே கேபிள்ங்கறதுதான் விஷயமே. 1080ஐ 50 எச்டி எஸ்டிஐல 1.485 ஜிபிபிஎஸ், 1080பி 50 ஆனதும் 3ஜி எஸ்டிஐ, 2.97 ஜிபிபிஎஸ். ஃப்ரீக்வென்ஸி ஏற ஏற கேபிள் சிக்னல அதிகமா தின்னும், அதனால எச்டில தப்பிச்ச கேபிள் 3ஜில மாட்டிக்கும். பழைய எஸ்டி 270 எம்பிபிஎஸ்தான், அந்தக் காலத்துல போட்ட வயர் இன்னும் ஓடுதேன்னு நம்பி பல இடத்துல அப்படியே விட்டிருப்பாங்க.

கேபிள் மேல அச்சடிச்சிருக்கறத படிங்க. ஆர்ஜி 59, ஆர்ஜி 6னா 75 ஓம், வீடியோவுக்கு அதுதான். ஆர்ஜி 58னா 50 ஓம், ரேடியோ வேலைக்கானது, பிஎன்சி (சொருகி திருப்பற கனெக்டர்) போட்டா பாக்க ஒரே மாதிரி இருக்கும், பொருந்தவும் பொருந்தும், ஆனா இம்பிடன்ஸ் மாறுற இடத்துல சிக்னல் திரும்பி அடிக்கும். நடுவுல பேரல் ஜாயின்ட் எத்தன இருக்கு, எங்கயாவது ரேக் கதவுல நசுங்கி இருக்கா, டை ரொம்ப இறுக்கி கட்டியிருக்கா, சென்டர் பின் உள்ள போயிருக்கா, எல்லாம் பாருங்க. எஸ்டிஐ கொஞ்சம் கொஞ்சமா மங்கறது இல்ல, நல்லா இருக்கும், திடீர்னு புள்ளி புள்ளியா மின்னும், இன்னும் ரெண்டு மீட்டர் கூடினா ஒண்ணுமே இருக்காது. என்கோடர்ல சிஆர்சி எரர் கவுன்டர் (சிக்னல்ல வர்ற தப்புகள எண்றது) இருந்தா ஜீரோ பண்ணிட்டு பத்து நிமிஷம் விட்டு பாருங்க, லைட்ட விட அது உண்மை பேசும். ஏறுதுன்னா சின்ன நல்ல கேபிள் ஒண்ணு போட்டு கேமராவ பக்கத்துல வெச்சே டெஸ்ட் பண்ணுங்க.

சின்ன கேபிள்லயும் லாக் ஆகலையா, அப்ப லெவல் ஏ, லெவல் பி விஷயம். ரெண்டுமே 2.97 ஜிபிபிஎஸ்தான், ஆனா லெவல் பில ரெண்டு 1.485 ஸ்ட்ரீம சேத்து ஒண்ணா பின்னி அனுப்புவாங்க, சில என்கோடர்கள் ஏ மட்டும்தான் எடுத்துக்கும். கேமரா மெனுவுல 3ஜி எஸ்டிஐ மேப்பிங்னு ஏதாவது இருக்கும், மாத்திட்டு பாருங்க.

கேள்வி: எல்லாம் ஓடுது, ஆனா அலாரம் லைட் ஆம்பர்லயே இருக்கு. புது பாக்ஸ்.

பதில்: ரெண்டு பவர் சப்ளை இருக்கற மாடலா? ஒண்ணுக்கு மட்டும் வயர் போட்டிருப்பீங்க. ரெண்டாவதையும் போடுங்க, வேற சர்க்யூட்ல, ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல ரெண்டையும் சொருகினா ரெண்டு சப்ளை இருந்து என்ன லாபம். தயவுசெஞ்சு அலாரத்த மாஸ்க் பண்ணிட்டு போகாதீங்க, நாளைக்கு ஃபேன் நின்னாலும் அதே லைட்தான் சொல்லணும்.

கேள்வி: என்கோடரோட ஏஎஸ்ஐ (கம்ப்ரஸ் ஆன ஸ்ட்ரீம் போற) அவுட்ட எஸ்டிஐ டிஸ்ட்ரிப்யூஷன் ஆம்ப் (டிஏ, ஒரு சிக்னல பலதா பிரிக்கற பாக்ஸ்) வழியா ரெண்டா பிரிச்சேன். டிஏவோட முதல் அவுட்ல இருந்து போற ரிசீவர் ஓடுது, ரெண்டாவதுல நோ சின்க். ரிசீவர மாத்தி போட்டாலும் ரெண்டாவது அவுட்தான் பிரச்சனை. டிஏ போயிடுச்சா சார்?

பதில்: டிஏ நல்லாத்தான் இருக்கும், தூக்கி போட்டுடாதீங்க. ரிசீவர மாத்தி போட்டு பாத்தது ரொம்ப சரியான வேலை, அதனாலதான் பதில் சுலபமா கிடைக்குது. எஸ்டி எஸ்டிஐயும் டிவிபி ஏஎஸ்ஐயும் ரெண்டுமே 270 எம்பிபிஎஸ், ரெண்டுமே 75 ஓம் பிஎன்சி, அதனால எஸ்டிஐ டிஏல ஏஎஸ்ஐ போகும். ஆனா எஸ்டிஐ சிக்னல் தலைகீழா போனாலும் கவலைப்படாது, அதோட கோடிங் அப்படி. ஏஎஸ்ஐ 8பி 10பி கோடிங், போலாரிட்டி மாறினா பெரும்பாலான ரிசீவருக்கு ஒண்ணும் புரியாது. எஸ்டிஐ டிஏ செய்யறவங்க பல மாடல்கள்ல சில அவுட்ட இன்வர்ட் பண்ணித்தான் வெளிய விடுவாங்க, எஸ்டிஐக்கு அது தப்பே இல்ல. டிஏ பின்னாடி எந்த அவுட் நான்-இன்வர்ட்டிங் (தலைகீழாக்காதது)னு குறிச்சிருக்கும், சிலதுல ஏஎஸ்ஐன்னே எழுதியிருக்கும், அதுல மட்டும் எடுங்க.

ஏஎஸ்ஐல இன்னொரு ஏமாத்து வேலை இருக்கு. உள்ள டேட்டா எதுவும் இல்லன்னாலும் லைன்ல ஸ்டஃபிங் (வெத்து நிரப்பல்) ஓடிட்டே இருக்கும், அதனால ரிசீவர் லைட் பச்சையா எரியும், பிட் ரேட்ட பாத்தா ஜீரோ. பச்சைய பாக்காம பிட் ரேட்ட பாருங்க. அப்புறம் அந்த ஒரே மாதிரி பிஎன்சிகள்ல எஸ்டிஐ எது ஏஎஸ்ஐ எதுன்னு லேபிள் ஒட்டுங்க, ரெண்டு முனையிலயும்.

கேள்வி: ரெஃப் (ரெஃபரன்ஸ்) லைட் சிவப்பு. ஜென்லாக் (எல்லா பாக்ஸையும் ஒரே டைமிங்ல ஓட்டற சிக்னல்) கண்டிப்பா குடுக்கணுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். தனியா ஒரு எஸ்டிஐ எடுத்து கம்ப்ரஸ் பண்ற என்கோடர் உள்ள வர்ற வீடியோவையே பிடிச்சிக்கும், ரெஃபரன்ஸ் சோர்ஸ இன்புட்னு வெச்சா லைட் அணைஞ்சிடும். ரெஃபரன்ஸ் குடுத்தும் சிவப்புன்னா டெர்மினேஷன் பாருங்க, லூப் பண்ணி போற லைன்ல கடைசி பாக்ஸ்ல மட்டும் 75 ஓம், நடுவுலயும் ஒண்ணு ஆன் ஆகி இருந்தா லெவல் எறங்கிடும். ரெஃபரன்ஸ் வகை ப்ளாக் பர்ஸ்ட்டா ட்ரை லெவலா, 50ஆ 59.94ஆங்கறதும் செட்டிங்கோட ஒத்துப்போகணும்.

கேள்வி: மல்டிகாஸ்ட் (ஒரே ஸ்ட்ரீம், கேக்கறவங்களுக்கு மட்டும் போறது) அனுப்புறேன். நெட்வொர்க் லைட் ரெண்டும் நல்லா மின்னுது. டீகோடர்ல நாலு நிமிஷம் மாதிரி படம் வருது, அப்புறம் நின்னுடுது. சேனல மாத்தி திரும்ப வந்தா மறுபடி அதே நாலு நிமிஷம். என்கோடர் ஹேங் ஆகுதா?

பதில்: என்கோடர் பாவம், அது விடாம அனுப்பிட்டுதான் இருக்கு, அதான் ஆக்டிவிட்டி லைட் மின்னிட்டே இருக்கு. நீங்க சொன்ன அந்த நாலு நிமிஷம்தான் துப்பு. ஸ்விட்ச்ல ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (யார் எந்த ஸ்ட்ரீம் கேட்டாங்கன்னு ஸ்விட்ச் கவனிக்கறது) ஆன், ஆனா அந்த விலேன்ல (தனியா பிரிச்ச நெட்வொர்க் பகுதி) க்வெரியர் (இன்னும் வேணுமான்னு கேக்கறவர்) யாரும் இல்ல. டீகோடர் முதல்ல ஜாயின் கேட்டதும் ஸ்விட்ச் போர்ட்ட திறக்கும், அப்புறம் இன்னும் வேணுமான்னு அப்பப்போ கேக்க ஒருத்தர் வேணும், கேக்க ஆள் இல்லன்னா டீகோடரும் பதில் சொல்லாது, ஸ்விட்சும் இவருக்கு வேண்டாம் போலன்னு போர்ட்ட மூடிடும். ஐஜிஎம்பி வெர்ஷன் 2ல வழக்கமான அளவு 125 செகண்டுக்கு ஒரு தடவ க்வெரி, அது ரெண்டு தடவ, கூட பத்து செகண்ட், மொத்தம் 260 செகண்ட். உங்க நாலு நிமிஷம் எங்க இருந்து வந்துச்சுன்னு புரியுதா? ஒரு ஸ்விட்ச்ல க்வெரியர் ஆன் பண்ணுங்க, சரியாயிடும். ஸ்னூப்பிங்கயே ஆஃப் பண்ணிடலாம்னு யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க, எல்லா போர்ட்டுக்கும் எல்லா ஸ்ட்ரீமும் கொட்டும், அந்த ஸ்விட்ச்ல இருக்கற மத்தவங்க தவிப்பாங்க.

நடுவுல ரவுட்டர் இருந்தா டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டர்லயும் ஒண்ணு குறையற எண்) பாருங்க, 1னு இருந்தா முதல் ரவுட்டர்லயே செத்துடும். லிங்க் லைட் கிகாபிட்ல இருந்து 100க்கு எறங்கி கலர் மாறியிருந்தா கேபிள்ல ஒரு ஜோடி போயிருக்கலாம், கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும், 100க்கு ரெண்டு போதும். மேனேஜ்மென்ட் போர்ட்ல ஸ்ட்ரீம் கேபிள சொருகி இருக்கறதும் உண்டு, அங்கயும் லைட் அழகா எரியும்.

கேள்வி: படம் பிரமாதம், ஆடியோ மீட்டர் லைட் மட்டும் எழும்பவே இல்ல. சிலநேரம் வேற சோர்ஸ்ல மீட்டர் மேலேயே ஒட்டிக்கிட்டு கரகரன்னு சத்தம்.

பதில்: ரெண்டும் வேற வேற. எச்டி எஸ்டிஐல நாலு க்ரூப், க்ரூப்புக்கு நாலு சேனல், மொத்தம் 16. உங்க சோர்ஸ் ரெண்டாவது க்ரூப்ல போட்டிருக்கும், என்கோடர் முதல் க்ரூப்ப கேட்டுட்டு இருக்கும். மீட்டர் மேல ஒட்டிக்கிட்டா அது ஆடியோவே இல்ல, டால்பி ஈ மாதிரி கோட் பண்ணின டேட்டா, சாதா பிசிஎம்மா (கம்ப்ரஸ் ஆகாத ஆடியோவா) எடுத்து பாக்கறீங்க. டீகோட் பண்ணி உள்ள குடுங்க, இல்ல அப்படியே கடத்தணும்னா பாஸ் த்ரூ வெச்சிட்டு அந்த ஜோடில கெயினும் சாம்பிள் ரேட் கன்வர்ட்டரும் ஆஃப், ஒரு பிட் மாறினாலும் எதிர்ல டீகோட் ஆகாது.

கேள்வி: எஸ்ஆர்டில (இன்டர்நெட் வழியா வீடியோ அனுப்பற முறை) ஸ்ட்ரீம் லைட் ஆரஞ்சுல மின்னிட்டே கனெக்டிங்னு நிக்குது. ஒருவழியா பச்சை ஆனப்புறம் படம் கட்டம் கட்டமா உடையுது.

பதில்: கனெக்டிங்ல நின்னா முதல்ல ரெண்டு பக்கமும் காலரா, ரெண்டு பக்கமும் லிசனரான்னு பாருங்க, ஒருத்தர் கூப்பிடணும் ஒருத்தர் கேக்கணும். ஃபயர்வால்ல போர்ட் திறந்தேன்னு ஐடி ஆளுங்க சொன்னா யூடிபியா டிசிபியான்னு திருப்பி கேளுங்க, எஸ்ஆர்டிக்கு யூடிபி. பாஸ்ஃப்ரேஸ் குறைஞ்சது 10 எழுத்து, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, கடைசில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டாலும் போச்சு.

கட்டம் உடையறது லேட்டன்ஸியால. டீஃபால்ட் 120 மில்லிசெகண்ட், அது பக்கத்து ஊருக்கு சரி, தூரத்துக்கு பத்தாது. ரவுண்ட் ட்ரிப் டைம பாத்து அதோட நாலு மடங்குல ஆரம்பிங்க, லைன் மோசம்னா இன்னும் ஏத்துங்க. ரெண்டு முனையில எது பெருசோ அதுதான் எடுத்துக்கும். பிட் ரேட்டும் அப்லோட முழுசா நிரப்பக்கூடாது, தொலைஞ்ச பாக்கெட்ட திரும்ப அனுப்ப இடம் வேணும், கால்வாசியாவது காலியா விடுங்க.

கேள்வி: ஃபைபர் போட்டிருக்கோம், எஸ்எஃப்பி (ஃபைபர் சொருகற குட்டி மாட்யூல்) ரெண்டு பக்கமும் இருக்கு, எல்ஓஎஸ் (சிக்னல் வரலன்னு சொல்ற) லைட் சிவப்பு.

பதில்: டிஎக்ஸ் (அனுப்பறது) போய் எதிர்முனையோட ஆர்எக்ஸ்ல (வாங்கறது) விழணும், ஒரு முனையில மட்டும் ரெண்டையும் மாத்தி சொருகி பாருங்க, பாதி பேருக்கு இதோட முடிஞ்சிடும். ஃபைபர் முனைய கண்ணால எட்டி பாக்காதீங்க, 850லயோ 1310 நானோமீட்டர்லயோ வர்ற லேசர் கண்ணுக்கு தெரியாது, ஆனா கண்ண கெடுக்கும். எஸ்எஃப்பி 850னா மல்டிமோட் ஃபைபர், 1310னா பெரும்பாலும் சிங்கிள் மோட், ரெண்டு பக்கமும் நடுவுல இருக்கற பேட்ச் கார்டும் ஒத்துப்போகணும். கனெக்டர அதுக்கான க்ளீனர் வெச்சு துடைங்க, சட்டையில துடைக்க வேண்டாம்.

எஸ்டிஐக்கு ஈதர்நெட் எஸ்எஃப்பி சொருகியிருந்தா அதையும் மாத்துங்க. லைட் எரியும், பேச்சு நிகழ்ச்சில படம்கூட சரியா வரும், ஆனா எஸ்டிஐல ஒரே லெவல்ல ரொம்ப நேரம் நிக்கற பேத்தலாஜிக்கல் பேட்டர்ன் சில ப்ளெய்ன் கலர் ஃப்ரேம்கள்ல வரும், வீடியோ எஸ்எஃப்பி அத தாங்கற மாதிரி செஞ்சது, மத்தது அங்க எரர் போடும். இதெல்லாம் சரியா இருந்தும் லைட் அணையலன்னா பவர் மீட்டர் வெச்சு ஆர்எக்ஸ்ல வர்ற லைட்ட அளந்து எஸ்எஃப்பி டேட்டா ஷீட்ல இருக்கற ரேஞ்சோட ஒப்பிடுங்க. குறைவா இருந்தா வழியில எங்கயோ லாஸ். அதிகமா இருந்தா நீண்ட தூரத்துக்கான எஸ்எஃப்பிய சின்ன பேட்ச்ல போட்டிருக்கீங்க, அதுக்கு நடுவுல அட்டென்யுவேட்டர் வேணும்.