துறவி நண்டுக்கு மீன் குழம்பு வைக்கலாமா?

கேள்வி: மகனுக்கு அவன் மாமா இரண்டு துறவி நண்டுகள் (காலிச் சங்குக்குள் குடியிருக்குமே, அந்த ஹெர்மிட் கிராப்) வாங்கித் தந்தார். கடைத் தீனியைத் தொடவே மாட்டேன் என்கின்றன. மிச்ச மீன் குழம்பை வைக்கலாம் என்கிறார் அப்பத்தா. சரியா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: குழம்பு வேண்டாம் அம்மா. உப்பு, எண்ணெய், மிளகாய், பூண்டு எதுவுமே அவற்றுக்கு ஆகாது. மசாலா சேர்க்கும் முன்பே நகக்கண் அளவு மீனை எடுத்து, வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தரச் சொல்லுங்கள்.

காரைக்குடியில் என் வீட்டிலும் நான்கு வளர்கின்றன. தேங்காய்ச் சில் என்றால் உயிர். சின்னக் கொடுக்கால் கிள்ளிக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோவதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன். பப்பாளி, வாழைப்பழம், முருங்கைக்கீரை, அவித்த முட்டை என்று தினமும் மாற்றிக் கொடுங்கள். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து அவசியம். முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்துப் பொடியுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையும் நல்லது. அது கணவாய் மீனின் ஓடுதான்.

ஒன்றை மறக்காதீர்கள்: நம் வீடுகளில் செம்பு, பித்தளைச் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் தண்ணீரோ தீனியோ வைக்காதீர்கள். செம்பு நண்டுகளுக்கு விஷம். மண் அகல் போதும். குளோரின் இல்லாத நல்ல தண்ணீர் ஓர் அகலில், கடல் மீன் தொட்டிக்கான உப்பு கரைத்த தண்ணீர் இன்னொன்றில். சமையல் உப்பு கூடாது.

இரவில்தான் சாப்பிடும். பொழுது சாய்ந்ததும் வையுங்கள், மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள். அப்புறம், மண்ணுக்குள் புதைந்து வாரக்கணக்கில் வராவிட்டால் தோண்டவேண்டாம்; தோல் உரிக்கிறது.