களைக்கொல்லியைச் சிதைக்கும் மரபணு பாக்டீரியாவுக்கு எங்கிருந்து வந்தது?

கேள்வி இது: அட்ரசின் போன்ற களைக்கொல்லிகள் மனிதன் செய்தவை, இயற்கையில் முன்பு இருந்ததில்லை. அப்படியிருக்க, மண்ணில் வாழும் பாக்டீரியாவுக்கு அதைச் சிதைக்கும் மரபணு எப்படிக் கிடைத்தது?

ஏற்கெனவே வேறு வேலைக்கு வைத்திருந்த மரபணுவைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது. மீதியை அக்கம்பக்கத்து பாக்டீரியாவிடமிருந்து வாங்கிக்கொண்டது. நான் சில காலம் இந்த பாக்டீரியாக்களோடு வேலை செய்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அட்ரசின் தண்ணீரில் சரியாகக் கரையாது. லிட்டருக்குச் சுமார் 33 மில்லிகிராம்தான் கரையும். அதைவிடப் பல மடங்கை அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) கலந்து தட்டில் ஊற்றினால் தட்டு முழுக்க வெள்ளையாக, புகை படிந்த கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தத் தட்டில் வேறு நைட்ரஜனே கிடையாது; வேண்டுமென்றால் அட்ரசினிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சில நாளில் சில பாக்டீரியாப் புள்ளிகளைச் சுற்றி மட்டும் வெள்ளை விலகி, தெளிந்த வட்டம் ஒன்று விரியும். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்த வட்டத்தின் வழியாக விரல் தெரியும். முதல் முறை பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

இப்படித் தெளிந்த வட்டம் போடும் பாக்டீரியாக்களில் பேர்போனது சூடோமோனாஸ் ஏடிபி. அமெரிக்காவின் மினசோட்டாவில், களைக்கொல்லி சிந்திய இடத்து மண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள்; 1995-இல் அறிக்கை வெளியானது. அது செய்யும் வேலையை ஆறு மரபணுக்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அட்ரசின் ஒரு வளையம். அதில் ஒரு குளோரினும் இரண்டு பக்கக் கைகளும் ஒட்டியிருக்கும். அட்ஸ்-ஏ என்ற மரபணு தரும் நொதி குளோரினைக் கழற்றுகிறது. அந்த ஒரே படியில் களையைக் கொல்லும் குணம் போய்விடும். அட்ஸ்-பி ஒரு கையையும் அட்ஸ்-சி இன்னொரு கையையும் எடுக்கின்றன. மிஞ்சுவது சயனூரிக் அமிலம். பிறகு அட்ஸ்-டி வளையத்தை உடைக்க, இ, எஃப் இரண்டும் மிச்சத்தை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் முடித்துவிடுகின்றன.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் அட்ஸ்-ஏவில்தான் இருக்கிறது. மெலமைன் என்ற பொருளிலிருந்து அமினோ தொகுதியைக் கழற்றும் ட்ரை-ஏ என்றொரு நொதி வேறொரு பாக்டீரியாவில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். 475 அமினோ அமிலங்களில் வித்தியாசம் 9 மட்டுமே! ஆனால் ட்ரை-ஏ அட்ரசினைச் சுமாராகத்தான் தொடும், அட்ஸ்-ஏவுக்கு மெலமைன் வேலை வராது. மெலமைனைச் சிதைத்துக்கொண்டிருந்த நொதி ஒன்று, விரல்விட்டு எண்ணும் மாற்றங்களில் குளோரினைக் கழற்றக் கற்றுக்கொண்டிருக்கிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அட்ரசின் விற்பனைக்கு வந்ததே 1950-களின் கடைசியில். பரிணாமம் என்றால் கோடி ஆண்டுக் கதை என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

சரி, ஒரு மரபணு மாறியது. ஆறும் எப்படி ஒன்று சேர்ந்தன? அவை இருப்பது பிளாஸ்மிட்டில். ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றிக் கொடுக்கக்கூடிய சின்ன டிஎன்ஏ வளையம் அது. 2001-இல் இந்த பிளாஸ்மிட்டை முழுதாகப் படித்தபோது, டி, இ, எஃப் மூன்றும் வரிசையாக ஒரே இடத்தில் இருந்தன. ஏ, பி, சி மூன்றும் ஆளுக்கொரு மூலையில். அவற்றின் பக்கத்தில் தாவும் டிஎன்ஏ துண்டுகள். பல இடங்களிலிருந்து வந்து ஒட்டிய சாமான் என்று பார்த்தாலே தெரிகிறது. தொலைதூர மண்களில் கிடைத்த, வேறு வேறு இன பாக்டீரியாக்களிலும் ஏ, பி, சி ஏறக்குறைய அச்சு அசலாக இருப்பதற்கும் இந்தக் கைமாற்றம்தான் காரணம்.

2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி இதைவிடப் பழைய கதை. அதே மண்ணில் இரண்டாம் முறை போட்டால் முன்பைவிடச் சீக்கிரம் மறைகிறது என்பதை 1940-களின் கடைசியிலேயே கவனித்துவிட்டார்கள். அதைச் சிதைக்கும், பின்னாளில் கிடைத்த டிஎஃப்டி-ஏ என்ற மரபணுவின் நொதி, டாரைன் என்ற இயற்கைப் பொருளை உடைக்கும் நொதிக்கு உறவுக்காரன். இங்கேயும் பழைய சரக்குதான்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியில் மட்டும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மரபணு மாற்றிய பயிர்களில் பரவலாகப் பயன்படும் சிபி4 என்ற பாக்டீரியா மரபணு கிளைபோசேட்டைச் சிதைப்பதில்லை. அதற்கு மசியாத நொதியைத் தருகிறது, அவ்வளவுதான். சிதைக்கும் மரபணு வேறு, தாங்கும் மரபணு வேறு. சிதைக்கும் ஒன்றும் உண்டு, ஜிஓஎக்ஸ் என்று பெயர். ஆனால் அது கிளைபோசேட்டை உடைத்து ஆம்பா என்ற பொருளை மிச்சம் வைக்கும். ஆம்பா மண்ணில் நீண்ட நாள் தங்கும். ஆகவே 'சிதைக்கிறது' என்று யாராவது சொன்னால், எதுவரை என்று கேளுங்கள்.

அப்புறம் ஏன் நிலத்தடி நீரில் இன்னும் அட்ரசின் இருக்கிறது என்று கேட்கலாம். நான் செய்த ஒரு தவறே இதற்குப் பாதி பதில். ஏடிபியை வேகமாக வளர்க்க நினைத்து, சத்து நிறைந்த திரவத்தில் பல முறை மாற்றி மாற்றி வளர்த்தேன். அட்ரசின் சேர்க்கவில்லை. பிறகு வெள்ளைத் தட்டில் பரப்பினால், நிறைய புள்ளிகளைச் சுற்றி வட்டமே இல்லை. தேவைப்படாதபோது அந்த மரபணுத் துண்டுகள் கழன்று விழுந்துவிடுகின்றன. இந்த பாக்டீரியாவில் இது தெரிந்த விஷயம்தான், எனக்குத்தான் உறைக்கவில்லை. நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும் மண்ணில் அட்ரசினை நாடும் கட்டாயம் குறைவு; டி, இ, எஃப் மரபணுக்கள் நைட்ரஜன் தட்டுப்பாட்டில்தான் நன்றாக இயங்குகின்றன. ஆழத்து நீரில் இந்த பாக்டீரியாக்களின் எண்ணிக்கையே குறைவு.

உறைநிலையில் வைத்திருந்த பழைய மாதிரியை எடுத்து, இந்த முறை அட்ரசின் மட்டுமே நைட்ரஜனாக இருக்கும் திரவத்தில் வளர்த்துத் திரும்பத் தட்டில் பரப்பினேன். மூன்றாம் நாள் காலையில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வட்டம் இருந்தது.