ப்ரோலாக்டினைக் குறைக்கும் மாத்திரை இதயத்தைக் கெடுக்குமா?

கேள்வி: எனக்கு வயது 34. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி, பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் ஹார்மோன் அதிகம் என்று இரண்டு வருஷமாகக் கேபர்கோலின் 0.5 மி.கி. மாத்திரையில் பாதி, வாரம் இரண்டு முறை சாப்பிட்டேன். நின்றுபோயிருந்த மாதவிலக்கு ஒழுங்காக வந்தது. இது இதய வால்வைக் கெடுக்கும் என்று தம்பி எங்கோ படித்துவிட்டுச் சொன்னான். பயத்தில் மூன்று வாரமாகப் போடவில்லை. டாக்டரிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உங்கள் தம்பி படித்தது பொய்யில்லை அம்மா, ஆனால் அது உங்கள் அளவைப் பற்றியது இல்லை. இந்த மருந்து பார்க்கின்சன் நோய்க்கும் கொடுக்கப்பட்டது. செரட்டோனின் என்ற ரசாயனத்தை ஏற்றுக்கொள்ளும் ஒரு புரதம் (ஏற்பி) இதயத்தில் உண்டு, அதை இந்த மருந்து தூண்டுவதால் சிலருக்கு வால்வு தடித்து, சரியாக மூடாமல், ரத்தம் பின்னோக்கிக் கசிந்தது. 2007-இல் வந்த ஆய்வுகளில், தினமும் 3 மி.கி.க்கு மேல் சாப்பிட்டவர்களிடம்தான் இந்த ஆபத்து குறிப்பாக அதிகம் தெரிந்தது. இதே குடும்பத்து பெர்கோலைடு மருந்தை அந்த வருஷமே அமெரிக்காவில் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள்: தினம் 3 மி.கி. என்றால் வாரத்துக்கு 21, உங்களுக்கோ வாரத்துக்கு அரை மி.கி.தான், அதாவது அவர்கள் ஒரே வாரத்தில் சாப்பிட்டதை நீங்கள் சாப்பிட்டு முடிக்க 42 வாரம் ஆகும். இந்தச் சின்ன அளவில் வால்வு கெடுவது மிக மிக அரிது.

எனக்குக் கவலை தருவது நீங்களாக நிறுத்தியதுதான். ப்ரோலாக்டின் மறுபடி ஏறலாம், கட்டியும் வளரலாம். இந்த வாரமே டாக்டரிடம் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள், பயந்து மாத்திரையை விட்டவர்கள் எத்தனையோ பேரை அவர் பார்த்திருப்பார். தலைவலி கூடினாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே போங்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: இரண்டு வருஷம் முடிந்து, ப்ரோலாக்டின் சரியாகி, எம்ஆர்ஐயில் கட்டியும் தெரியாவிட்டால் மருந்தை மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்க்கும் வழி உண்டு. பயத்தில் விட்டதை முறையாகவே விட முடியலாம்.

அப்புறம் எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். மருந்து ஆரம்பிக்கும்போதே எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை என்றால் இப்போது கேட்டு எடுங்கள். கடலூரில் வசதிப்படாவிட்டால் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. வலிக்காது, நெஞ்சில் ஜெல் தடவிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். வாரம் 2 மி.கி.க்குள் இருப்பவர்களுக்கு அடுத்தது ஐந்து வருஷம் கழித்துப் போதும் என்பது பிரிட்டனில் 2019-இல் வந்த வழிகாட்டுதல். நடுவில் மாடிப்படி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். முதல் எக்கோ ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள், அடுத்ததை அதோடு ஒப்பிட்டால்தான் வால்வு மாறியிருக்கிறதா என்று தெரியும்.