பாஸ்வேர்ட் யார் கையில?

கேள்வி: அண்ணே, தண்டையார்பேட்டைல அப்பா காலத்துலேர்ந்து லேத் பட்டறை வச்சிருக்கோம். இப்ப ஜாப் ஒர்க் குடுக்குறவங்க சிஎன்சி (கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்ல ஓடுற மெஷின்) இருந்தாதான் ஆர்டர்ன்றாங்க. வெளிநாட்டு மெஷின் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், ஆனா எங்க மூத்த டர்னர் "அவன் மெஷின வாங்குனா அவன் சொன்னபடிதான் ஆடணும்"ன்றாரு. வாங்கலாமா? (வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: வாங்குங்க தம்பி. ஆனா பெரியவர் பயப்படுறதுல நியாயம் இருக்கு, அத தள்ளிடாதீங்க. உங்க பக்கத்துலயே திருவொற்றியூர் என்ஃபீல்ட பாருங்க, 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பிச்சது, மொதல்ல அங்கேர்ந்து பார்ட்ஸ் வரும், இங்க பூட்டுவாங்க, அவ்ளோதான். அப்புறம் அந்த பார்ட்ஸ செய்யுற டூலிங்கையே (அச்சு, கருவிங்க எல்லாம்) வாங்கி, எல்லாத்தையும் இங்கயே செய்யக் கத்துக்கிட்டாங்க. 1970ல இங்கிலாந்து கம்பெனி மூடியாச்சு, இங்க வேலை நிக்கல, 1977ல அந்த ஊருக்கே புல்லட் ஏத்துமதி ஆச்சு! வெறும் பூட்டுற வேலையோட இருந்திருந்தா இங்கயும் அன்னைக்கே ஷட்டர் எறங்கிருக்கும். அதுக்கப்புறமும் வெளிய போய் கேக்க அவங்க கூச்சப்படல, லீன் பர்ன் (கம்மி பெட்ரோல், நெறைய காத்து கலந்து எரியுற) இன்ஜினுக்கு ஆஸ்திரியாவுல இன்ஜின் டிசைன் பண்ற ஏவிஎல் கம்பெனிகிட்ட போனாங்க. எண்ணூர் அசோக் லேலண்டும் ஆஸ்டின் கார் பூட்டி ஆரம்பிச்சதுதான், பின்னாடி ஜப்பான் ஹினோ கம்பெனிகிட்ட இன்ஜின் டெக்னாலஜி வரைக்கும் வாங்கிருக்காங்க.

அதனால விலை பேசும்போதே கேளுங்க, பேராமீட்டர் (மெஷினோட செட்டிங் நம்பருங்க) பேக்கப், பிஎல்சி (மெஷினோட ஸ்விட்ச், மோட்டார் எல்லாத்தையும் ஓட்டுற சின்ன கம்ப்யூட்டர்) ப்ரோக்ராம் காப்பி, எலக்ட்ரிக்கல் டிராயிங், பாஸ்வேர்ட் எல்லாம் உங்க கைக்கு வரணும், வாய்ல சொன்னா பத்தாது, ஆர்டர் பேப்பர்லயே எழுதி வாங்குங்க. சிஎன்சிய ஓட்டுற கன்ட்ரோலர்ல நெறையதுல மெமரிய காப்பாத்துறது ஒரு சின்ன பேட்டரிதான். அது செத்து பேராமீட்டர் அழிஞ்சுட்டா, பேக்கப் இல்லாதவன் சர்வீஸ் இன்ஜினியர் வர்ற வரைக்கும் மெஷின பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான், அவர் வர்ற சார்ஜும் நம்ம தலைலதான்.

டிரெய்னிங்குக்கு புதுசா டிப்ளமோ முடிச்ச பையன மட்டும் அனுப்பாதீங்க. அந்த டர்னரையும் அனுப்புங்க. சத்தத்த வச்சும் இரும்புலேர்ந்து சீவி விழுற சில்லோட கலர வச்சும் டூல் மழுங்கிடுச்சுன்னு சொல்றவரு அவரு, அவர் கையில ஆஃப்செட் போடுற (டூல் அளவுக்கும் தேய்மானத்துக்கும் ஏத்தபடி கணக்க சரி பண்ற) வேலைய குடுத்துப் பாருங்க, புக்குல இருக்குற ஸ்பீடு (சுத்துற வேகம்), ஃபீடு (டூல் நகர்ற வேகம்) எல்லாம் நம்ம மெட்டீரியலுக்கு ஏத்த மாதிரி மாறும், பையனும் அவர்கிட்ட கத்துப்பான். மேனுவல் இங்கிலீஷ்ல இருக்கேன்னு அவர் தயங்கினா பையன் படிச்சு சொல்லட்டும்.

பழைய லேத்த மட்டும் இப்ப வித்துடாதீங்க, ஒண்ணு ரெண்டு பீஸ் ரிப்பேர் வேலைக்கு அதுதான் சரி.