சர்ச்சில் 1899-லேயே ராணுவத்தை விட்டாரா, 1916-ல் பட்டாலியன் தளபதியா?

1899-ல் ராணுவத்தை விட்டவர் 1916-ல் எப்படித் தளபதி ஆனார் என்று குழப்பமா? நீங்கள் கேட்ட இரண்டு தகவலும் சரிதான். 1899-ல் அவர் விட்டது 4-வது ஹுஸார்ஸ் குதிரைப்படையின் முழுநேர வேலையை. 1902-ல் ஆக்ஸ்போர்டுஷையர் ஹுஸார்ஸ் என்ற பகுதிநேரப் படையில் அதிகாரியாகச் சேர்ந்து, 1905-ல் மேஜர் ஆகிவிட்டார். அந்தத் தொடர்பு இருந்ததால்தான் முதல் உலகப் போரில் ராணுவத்துக்குத் திரும்பப் போக முடிந்தது.

குழப்பத்துக்குக் காரணம், 'ராஜினாமா' இரண்டு முறை வருவதாக இருக்கலாம். 1915 நவம்பரில் விட்டது அமைச்சர் பதவியை. துருக்கியின் கலிப்பொலியில் பிரிட்டன் கண்ட தோல்விக்குப் பிறகு அதிகாரமில்லாத ஒரு பதவியில் உட்கார்ந்திருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. பிரான்ஸுக்குப் போய், 1916 ஜனவரியில் லெப்டினன்ட் கர்னலாக ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற காலாட்படையின் 6-வது பட்டாலியனுக்குத் (படைப்பிரிவுக்கு) தலைமை ஏற்றார். பெல்ஜியத்தின் ப்ளூக்ஸ்டீர்ட் பதுங்குகுழிகளில், பிரெஞ்சு இரும்புத் தொப்பியோடு நின்றார். அப்போதும் ஸ்காட்லாந்தின் டண்டீ தொகுதி எம்.பி.தான்! மே மாதம் பட்டாலியன் இன்னொன்றோடு இணைக்கப்பட்டதும் நாடாளுமன்றம் திரும்பினார்.

உங்கள் குறிப்பில் ஒவ்வொரு ஆண்டுக்கும் பக்கத்தில் படைப்பிரிவின் பெயரையும் எழுதிப் பாருங்கள், முடிச்சு அவிழ்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: 1899 நவம்பர் 15-ல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனோடு போரிட்ட டச்சு வம்சாவளியினரான போயர்களிடம் பிடிபட்டபோது அவர் பத்திரிகை நிருபர். அதைப் படைச்சேவையில் சேர்க்காதீர்கள். தப்பி வந்த பிறகுதான் தென்னாப்பிரிக்க லைட் ஹார்ஸ் என்ற குதிரைப்படையில் லெப்டினன்ட் ஆனார்.