9 எம்.எம். தோட்டாவை ஏன் 9×19 என்றும் பாராபெல்லம் என்றும் சொல்கிறார்கள்?

ஏதோ சினிமாவில் '9 எம்.எம்.' என்று கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. ஆனால் 9 என்பது குண்டின் விட்டம் மட்டும்தான், அதுவும் சுமாராக. 9×17, 9×18 என்று இதற்குப் பங்காளிகள் உண்டு. ஒன்றுக்குச் செய்த துப்பாக்கியில் இன்னொன்றைப் போடக் கூடாது. 19 என்பது குண்டையும் மருந்தையும் தாங்கும் பித்தளைக் கூட்டின், அதாவது கேஸின், நீளம்.

பெயர்க் கதை சின்னது. இதை வடிவமைத்த கியோர்க் லூகர் வேலை பார்த்தது பெர்லினில் டி.டபிள்யூ.எம். என்ற ஆயுத நிறுவனத்தில். 'அமைதி வேண்டுமா, போருக்குத் தயாராகு' என்ற லத்தீன் வாசகத்தின் வால்தான் 'பாரா பெல்லும்'. அதுவே அவர்களுடைய தந்தி முகவரியாகவும் இருந்தது.

இனி என் வயிற்றெரிச்சல். இருபது வருஷத்துக்கு மேல் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவனாக, இருந்தவன் நான். ஒரு பயிற்சி வகுப்பில், புதிதாக வந்த அதிகாரி இந்தத் தோட்டாவைப் பலகையில் வரைந்து, "இது நேர்க் குழாய், மேலும் கீழும் ஒரே பருமன்" என்றார். கை தூக்கினேன். "சார், அடி பருத்து வாய் சிறுத்திருக்கும்" என்றேன். "உட்காருங்க" என்றார்.

வகுப்பு முடிந்ததும் மருந்தில்லாத டம்மி ஒன்றை எடுத்து அவர் முன்னாலேயே வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். வாய்ப்பக்கம் 9.6-க்குச் சற்று மேல், அடிப்பக்கம் 9.9-ஐ ஒட்டி. (வரைபட அளவு 9.65, 9.93.) "உங்க வெர்னியர் பழசு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கால் மில்லிமீட்டர் சொச்சத்துக்கு இவ்வளவு அலட்டலா என்பீர்கள். அந்தச் சரிவில்தான் இதன் பூர்வீகமே இருக்கிறது. லூகரின் முந்தைய தோட்டா 7.65×21, கழுத்துள்ள பாட்டில் மாதிரி. ராணுவங்கள் இன்னும் கனமான குண்டு கேட்டன. அவர் அடியை அப்படியே விட்டு, கழுத்தை 9-க்கு அகலப்படுத்தி, கேஸைச் சற்றுக் குட்டையாக்கினார். 1902 வாக்கில் இது பிறந்தது. அடிப்பகுதி மாறாததால் துப்பாக்கியில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஜெர்மன் கடற்படை 1904-லும் தரைப்படை 1908-லும் ஏற்றுக்கொண்டன.

சரிவால் கேஸ், துப்பாக்கிக் குழாயின் பின்னால் தோட்டா உட்காரும் அறைக்குள் சுலபமாகப் போகும், வெடித்தபின் சுலபமாகக் கழன்று வரும். தொல்லையும் உண்டு. நிறையத் தோட்டாவை அடுக்கினால் வரிசை விசிறிபோல வளையும். இதே தோட்டாவைச் சுடும் ஸ்டெர்லிங் கார்பைன் துப்பாக்கியின் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) வளைந்திருப்பது அதனால்தான், அழகுக்காக இல்லை.

'.45-தான் (0.45 அங்குலக் குண்டுள்ள பெரிய தோட்டா) உண்மையான தோட்டா' என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: இதுதான் உசத்தி என்று நான் எங்கும் சொல்லவில்லை. உதைப்பு குறைவு, மேகசினில் அதிகம் கொள்ளும். அமெரிக்க ராணுவமே 1985-ல் .45-ஐ விட்டு இதற்கு வந்தது. சண்டையை அவர்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) சுட்ட ஒவ்வொரு காலி கேஸையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒருநாள் ஒன்று குறைந்தது. அதே அதிகாரி, ஆர்மரரின் கவனக்குறைவு என்று எழுதிவைத்தார். இருட்டும்வரை புல்லைக் கையால் அளைந்தோம். மறுநாள் மணல்மூட்டை மடிப்பில் கிடைத்தது. கணக்கு நேரானது. எழுதினதை யாரும் அடிக்கவில்லை.